குளித்தலை எந்த மாவட்டம்?



இன்று கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள். "டீச்சர் கம்ப்யூட்டர் பாடம் நடத்த ஆரம்பிச்சுட்டாங்க" என்று சிலர் சிரிப்பீர்கள். பரவாயில்லை. கம்ப்யூட்டரில் தொடங்கினாலும் இது நம் மாவட்டத்தின் கதை. நான் மூன்று முறை மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்கு வீடு வீடாக நடந்த கதையும் இதில் வருகிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாணவன் போன் செய்தான். 2003-இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். பெயர் வேண்டாம், இந்தப் பதிவை அவனும் படிப்பான். சிங்கப்பூரில் வேலை கிடைத்திருந்தது. அதற்கு ஒரு சான்று தேவை, இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். "டீச்சர், ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. நான் என்ன தப்பு பண்ணினேன்னே தெரியல" என்றான்.

விவரம் கேட்டேன். அவன் 1993-இல் பிறந்தவன். ஊர் ஜீயபுரம் என்றாலும் பிறந்தது குளித்தலையில். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம் அல்லவா? அவன் பிறப்புச் சான்றிதழில் "வட்டம்: குளித்தலை, மாவட்டம்: திருச்சிராப்பள்ளி" என்று இருக்கிறது. விண்ணப்பத்திலோ "பிறந்த மாவட்டம்", "பிறந்த வட்டம்" என்று இரண்டு கட்டங்கள். கையால் தட்டச்சு செய்ய முடியாது. அழுத்தினால் கீழே விரியும் பட்டியலில் இருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிராப்டவுன் என்கிறார்கள். மேலே "சான்றிதழில் உள்ளபடியே நிரப்பவும்" என்று சிவப்பு எழுத்தில் ஓர் அறிவிப்பு.

மாவட்டம் திருச்சிராப்பள்ளி என்று தேர்ந்தெடுத்தால் ஸ்ரீரங்கம், லால்குடி, மணப்பாறை, துறையூர் என்று 11 வட்டங்கள் விரிகின்றன. அதில் குளித்தலை இல்லை. கரூர் என்று தேர்ந்தெடுத்தால் குளித்தலை வருகிறது. ஆனால் சான்றிதழில் கரூர் இல்லை. காலியாக விட்டால் "இந்தக் கட்டம் கட்டாயம்" என்று படிவம் நகர மறுக்கிறது.

பிரவுசிங் சென்டர் பையன் ஒரு வழி சொல்லியிருக்கிறான். "ஏதாவது ஒண்ணப் போடுங்கண்ணே, இல்லேன்னா உள்ளே போகாது." ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பது முசிறி, பாலம் தாண்டினால் குளித்தலை. "முசிறின்னே போடுங்க" என்று போட்டுவிட்டார்கள். படிவம் ஒரு வார்த்தை கேட்காமல் ஏற்றுக்கொண்டது. மூன்று வாரம் கழித்து "விவரம் ஆவணத்துடன் பொருந்தவில்லை" என்று திரும்பி வந்தது. இரண்டாவது முறை கரூர், குளித்தலை என்று போட்டான். மறுபடியும் அதே பதில். அதற்குள் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

அவன் கோபப்படவில்லை. ஆனால் ஒன்று கேட்டான். "உண்மையை எழுதுன்னு நீங்கதானே டீச்சர் சொல்லிக் கொடுத்தீங்க? இதுல உண்மையை எழுத இடமே இல்லையே?"

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அதற்குப் பதில் தேடியதுதான் இந்தப் பதிவு.

முதலில் குளித்தலைக்கு வருவோம். கரூர் பஸ்ஸில் ஏறினால் பெட்டவாய்த்தலை தாண்டியதும் மாவட்டம் மாறிவிடுகிறது. இன்றைய பிள்ளைகளுக்கு அது எப்போதும் அப்படித்தான் இருந்தது என்று எண்ணம். என் வயதுக்காரர்களுக்கு அப்படி இல்லை. நான் பள்ளியில் படித்த காலத்துத் திருச்சி மாவட்டம் மிகப் பெரியது. கரூர், குளித்தலை, பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டை எல்லாம் அதற்குள் இருந்தன. புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். அந்த ஆண்டு இந்திய ஒன்றியத்தில் சேர்ந்து நம் மாவட்டத்துக்குள் வந்தது. 1974-இல் அது தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1995-இல் கரூரும் பெரம்பலூரும் பிரிந்தன. குளித்தலை கரூரோடு போனது. அரியலூர் கதை இன்னும் வேடிக்கை. 2001-இல் பெரம்பலூரிலிருந்து பிரித்தார்கள், 2002-இல் திரும்பச் சேர்த்தார்கள், 2007-இல் மறுபடி பிரித்தார்கள். இன்று தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள்.

ஆக, என் மாணவனின் சான்றிதழில் பிழை ஏதும் இல்லை. 1993-இல் குளித்தலை திருச்சி மாவட்டம்தான். படிவத்தில் இருந்த பட்டியலும் பிழை இல்லை. இன்று குளித்தலை கரூர் மாவட்டம்தான். பிறந்த நாளில் இருந்த ஊர் நிலையைக் கேட்டுவிட்டு, இன்றைய பட்டியலை வைத்துச் சரிபார்த்ததுதான் கோளாறு.

என் தங்கை மகன் சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு வந்திருந்தபோது திண்ணையில் உட்காரவைத்து, இந்தச் சரிபார்ப்பு எப்படி நடக்கிறது என்று கேட்டேன். வேலிடேஷன் என்று அவர்கள் சொல்லும் அந்த வேலையை மூன்று கேள்விகளாகப் பிரித்துச் சொன்னான்.

முதல் கேள்வி: தேர்ந்தெடுத்தாரா, இல்லையா? பட்டியலின் முதல் வரியில் "தேர்ந்தெடுக்கவும்" என்று போட்டு, அதற்கு மதிப்பு எதுவும் கொடுக்காமல் காலியாக வைக்க வேண்டும். அந்த வரியே நின்றால் ஆள் இன்னும் எதையும் தொடவில்லை என்று பொருள். சிலர் இதைச் செய்யாமல் ஆங்கில அகர வரிசையில் முதலில் வருகிற பெயரையே மேலே நிற்கவிடுவார்கள். அப்போது கட்டத்தைக் கவனிக்காமல் தாண்டுகிற ஒவ்வொருவரும், அவருக்கே தெரியாமல் அரியலூர்க்காரர் ஆகிவிடுவார். நாடுகளின் பட்டியல் என்றால் ஆப்கானிஸ்தான்காரர்!

இரண்டாவது கேள்வி: வந்து சேர்ந்த விடை நாம் கொடுத்த பட்டியலில் உள்ளதுதானா? இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. "பட்டியலில் இருந்துதானே எடுக்கிறார்கள், வேறு எப்படி வரும்?" என்றேன். "அங்கதான் பெரியம்மா எல்லாரும் ஏமாறுறாங்க" என்றான். நம் திரையில் தெரிகிற பக்கம் நம் கணினிக்கு வந்துவிட்ட ஒரு நகல். விஷயம் தெரிந்தவர் அந்த நகலைத் தன் கணினியிலேயே திருத்தி, பட்டியலில் இல்லாத ஒன்றைச் சேர்த்து அனுப்ப முடியும். பக்கத்தைத் திறக்காமலேகூட விடையை மட்டும் தயார் செய்து அனுப்பலாம். அதனால் அந்தப் பக்கம் சர்வரில், தன்னிடம் உள்ள மூலப் பட்டியலோடு மறுபடி ஒப்பிட்டே ஆகவேண்டும். "பிரவுசர்ல செக் பண்றது நிரப்புறவங்க வசதிக்கு. சர்வர்ல செக் பண்றதுதான் பாதுகாப்புக்கு" என்றான். வகுப்புத் தலைவன் எண்ணிச் சொன்ன வருகையை, நாம் கையெழுத்துப் போடுமுன் ஒரு தரம் தலைகளை எண்ணிப் பார்ப்போமே, அதுதான்.

மூன்றாவது கேள்வி: இரண்டு விடைகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா? திருச்சிராப்பள்ளியும் பட்டியலில் உண்டு, குளித்தலையும் பட்டியலில் உண்டு. ஆனால் இரண்டும் சேர்ந்து வரலாமா? இந்தக் கேள்வியில்தான் என் மாணவன் மாட்டிக்கொண்டான். "திருச்சிராப்பள்ளி, முசிறி" என்ற பொய் மூன்று கேள்விகளையும் தாண்டிப் போனது. "திருச்சிராப்பள்ளி, குளித்தலை" என்ற உண்மைக்கு வழியே இல்லை.

தங்கை மகன் இன்னொரு தகவலும் சொன்னான். கீழே விரியும் பட்டியல் இணையப் பக்க மொழியின் முறையான தரத்தில் இடம்பெற்றது 1995 நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0-வில். படிவத்தை அனுப்புமுன் பிரவுசரிலேயே சோதிக்க உதவும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியும் அதே 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரண்டன் ஐக் உருவாக்கியது. "கட்டாயம்" என்று ஒரு சொல் சேர்த்தாலே பிரவுசர் தானே தடுத்து நிறுத்தும் வசதி, 2014-இல் தரமான எச்.டி.எம்.எல். 5-இல் வந்தது. 1995 என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த அதே ஆண்டு!

ஆனால் பிள்ளைகளே, "இந்தப் பட்டியலில் ஒன்றைச் சொல்" என்று மக்களைக் கேட்பது 1995-இல் தொடங்கியது அல்ல. நம் நாட்டில் அதற்கு நூற்றைம்பது வயது. அந்தக் கதையில் நானும் ஒரு சின்னப் பாத்திரம்.

சென்னை மாகாணத்தில் 1871-இல் ஒரு பெரிய மக்கள் கணக்கெடுப்பு நடந்தது. நாடு முழுவதும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்ட முதல் கணக்கெடுப்பு 1881-இல். சாதி என்ன, தொழில் என்ன என்று கேட்டபோது மக்கள் தங்கள் வாயில் வந்ததைச் சொன்னார்கள். ஒருவர் குலத்தைச் சொன்னார், ஒருவர் பட்டத்தை, ஒருவர் தொழிலை, ஒருவர் ஊரை. இதையெல்லாம் எப்படி எண்ணுவது?

1901-இல் சீட்டு முறை வந்தது. பேரேட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. மதத்துக்கு ஏற்பச் சீட்டின் நிறம் மாறும். அந்தச் சீட்டுகளைப் புறாக்கூண்டு போன்ற அறைகளில் பிரித்துப் போட்டு எண்ணினார்கள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு பெயர். இன்றைய டிராப்டவுனில் ஒவ்வொரு வரியும் அப்படி ஓர் அறைதான். எந்த அறைக்கும் பொருந்தாத சீட்டு கையில் வந்தால் என்ன செய்வது? எழுத்தர் தனக்குத் தோன்றிய அறையில் போட வேண்டியதுதான். "ஏதாவது ஒண்ணப் போடுங்கண்ணே" என்ற குரல் அன்றே கேட்டிருக்கும் போல.

சாதி எல்லாவற்றையும் எண்ணி வெளியிட்ட கடைசிக் கணக்கெடுப்பு 1931. சுதந்திரத்துக்குப் பின் 1951 முதல் பட்டியல் சாதி, பழங்குடி மட்டுமே எண்ணப்பட்டன. நான் 1991, 2001, 2011 ஆகிய மூன்று கணக்கெடுப்புகளுக்கும் போனேன். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குத் தேர்தல் பணியும் கணக்கெடுப்புப் பணியும் தானாக வந்து சேரும் என்பது உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்குத் தெரியும்.

நான் முன்பு சொன்ன மூன்று கேள்விகளும் அந்தக் காகிதப் படிவத்திலும் இருந்தன. பாலினக் கட்டத்தில் எண்தான் எழுத வேண்டும். 2011-இல் ஆண் 1, பெண் 2, மற்றவர் 3. கட்டத்தின் கோட்டைத் தொடாமல் எண்ணை எழுதச் சொன்னார்கள், ஏனென்றால் அதை இயந்திரம் படிக்கப் போகிறது. கட்டம் காலியாக இருந்தால் மேற்பார்வையாளர் திருப்பிக் கொடுப்பார். அது முதல் கேள்வி. பட்டியல் சாதி, பழங்குடிப் பெயர்களைக் கையில் கொடுத்த அச்சிட்ட பட்டியலில் இருந்துதான் எழுத வேண்டும். அது இரண்டாவது. பட்டியல் சாதி என்று எழுதினால் மதம் இந்து, சீக்கியம், பௌத்தம் என்ற மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும், பழங்குடிக்கு அந்த நிபந்தனை இல்லை. அது மூன்றாவது, பொருத்தம் பார்ப்பது.

இந்தப் பொருத்த விதியும் காலத்தோடு மாறியது. 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் பட்டியலில் 1956-இல்தான் சீக்கியர்கள் முழுமையாகச் சேர்ந்தார்கள், பௌத்தர்கள் 1990-இல். 1981-இல் தவறு என்று அடிக்கப்பட்டிருக்கக்கூடிய ஒரு விடை, நான் போன 1991-இல் சரி. எழுதுபவர் மாறவில்லை, விடை மாறவில்லை. பட்டியல்தான் மாறியது.

இப்போது நான் இதுவரை யாரிடமும் அதிகம் பேசாத ஒன்றைச் சொல்கிறேன்.

2011 பிப்ரவரி 28 இரவு, வீடற்றவர்களைக் கணக்கெடுக்கும் இரவு. நாடு முழுவதும் ஒரே இரவில் நடக்கும். டார்ச் லைட்டும் படிவமுமாக என் பகுதியில் நடந்தேன். சாலையோரம் தார்ப்பாய் கட்டியிருந்த ஒரு நரிக்குறவர் குடும்பம். கொசுவத்தி வெளிச்சத்தில் ஒரு பெரியவர் எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். அந்தக் கட்டம் வந்தபோது "நாங்க மலைசாதி எஸ்.டி. தாயி, அப்படியே போடுங்க" என்றார். கையிலிருந்த பட்டியலைப் பார்த்தேன். தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் 36 பெயர்கள். நரிக்குறவர் அதில் இல்லை. மாநிலத்தில் அவர்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள்.

"ஐயா, பட்டியல்ல இல்லீங்களே" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. நான் 3 என்று எழுதினேன். இரண்டும் இல்லை என்பதற்கான எண் அது. கட்டத்தின் கோட்டைத் தொடாமல், அழகாக எழுதினேன்.

மறுநாள் மேற்பார்வையாளர் என் படிவத்தைப் பார்த்து "ஒரு அடித்தல் திருத்தல் இல்லை டீச்சர், இப்படித்தான் இருக்கணும்" என்று பாராட்டினார். மூன்று கேள்விகளுக்கும் சரியான விடை. நானும் சந்தோஷப்பட்டேன்.

பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகூர் குழு 1965-லேயே பரிந்துரைத்திருக்கிறது. துவாக்குடி பக்கம் தேவராயநேரியில் அவர்கள் பெரிய குடியிருப்பு இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் விண்ணப்பம் எழுதிய ஒவ்வொரு முறையும் இந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. 2023 ஜனவரியில் அது சட்டமானது. நரிக்குறவன், குருவிக்காரன் என்ற பெயர்கள் பட்டியலில் ஏறின. பரிந்துரைக்கும் பட்டியலுக்கும் நடுவே சுமார் 58 ஆண்டுகள்.

அன்று இரவு அந்தப் பெரியவர் சொன்னது உண்மையா, நான் எழுதியது உண்மையா? சட்டப்படி நான் எழுதியதுதான் சரி. அன்றைக்கு எனக்கு அப்படித்தான் எழுத அதிகாரம் இருந்தது. ஆனாலும் அந்த 3 என் கையால் எழுதியது.

இதிலிருந்துதான் நான்காவது கேள்வி பிறக்கிறது. அதை எந்தக் கம்ப்யூட்டரும் தானாகக் கேட்காது. பட்டியலே சரியா? அதில் யார் விடுபட்டிருக்கிறார்கள்?

"அப்படியானால் பட்டியலே வேண்டாம், எல்லாரும் விருப்பம்போல் எழுதட்டும்" என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் சேர்க்கைப் பதிவேடு எழுதிய காலத்தில் ஜீயபுரம், சீயபுரம், ஜீயர்புரம் என்று மூன்று விதமாக எழுதிவந்த தகப்பன்மார்களைப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் இன்னும் நாலைந்து விதம். எல்லாவற்றையும் எழுத்துப்படியே எண்ணினால் நம் ஊர் ஏழெட்டு ஊராகிவிடும்.

இதுதான் 2011-இல் தொடங்கிய சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பில் நடந்தது. சாதிப் பெயரை மக்கள் சொன்னபடியே பதிந்தார்கள். மூடிய பட்டியல் இல்லை. 1931-இல் 4,147 ஆக இருந்த சாதிப் பெயர்கள், இதில் 46 லட்சத்துக்கும் மேல் வந்துவிட்டன என்று 2021-இல் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஒரே பெயரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துக் கூட்டில் எழுதியது அதற்கு ஒரு காரணம். அந்தச் சாதி விவரங்கள் பயன்படாமலே போயின.

ஆனால் சொன்னபடி எழுதினால் எப்போதும் குப்பைதான் சேரும் என்றும் சொல்ல முடியாது. அதே 2011 கணக்கெடுப்பில் தாய்மொழிக் கேள்விக்கும் பட்டியல் கிடையாது. வீட்டுக்காரர் சொன்ன பெயரை அப்படியே எழுதச் சொன்னார்கள். நாடு முழுவதும் 19,569 பெயர்கள் வந்தன. மொழி அறிந்தவர்கள் உட்கார்ந்து, எது எழுத்துப் பிழை, எது ஊர்ப்பெயர், எது உண்மையான தாய்மொழி என்று பிரித்து 1,369 தாய்மொழிகளாக்கி, அவற்றை 121 மொழிகளின் கீழ் வகைப்படுத்தினார்கள். 2018-இல் வெளியிட்டார்கள். திறந்த கட்டம் வைத்தால், வந்ததை உட்கார்ந்து படிக்க ஆள் வேண்டும். அவர்களுக்குப் பல வருடம் பிடிக்கும். ஆனால் யாரும் கட்டத்துக்கு வெளியே நிற்க மாட்டார்கள்.

மூடிய பட்டியலும் நல்லதுக்கு மாற முடியும் என்பதற்கு அதே கணக்கெடுப்பு சாட்சி. பாலினத்தில் "மற்றவர் 3" என்ற ஒரே ஒரு வரி புதிதாகச் சேர்ந்ததும் 4,87,803 பேர் அதில் எண்ணப்பட்டார்கள். அதற்கு முன்னால் அவர்கள் இல்லாமல் போகவில்லை. ஆண் அறையிலும் பெண் அறையிலும் கிடந்தார்கள். தமிழ்நாடு திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்தது 2008-இல். மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது 2014 ஏப்ரலில்.

ஊர்ப்பெயர்ச் சிக்கலுக்கும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். பெயருக்குப் பதில் எண். நாம் திரையில் "தமிழ்நாடு" என்று தேர்ந்தெடுத்தால் உள்ளே போவது பெயர் அல்ல, ஓர் எண். கணக்கெடுப்பில் நம் மாநில எண் 33. மளிகைக் கடை பில்லில் ஜி.எஸ்.டி. எண்ணைப் பாருங்கள், முதல் இரண்டு இலக்கம் அதே 33. ஒன்றிய ஊராட்சி அமைச்சகத்தின் உள்ளாட்சிக் கோப்பகத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் எல்லாவற்றுக்கும் எண் உண்டு. 2020 ஜூனில் தமிழ்நாட்டின் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டை மாற்றி ஓர் அரசாணை வந்ததும், சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டதும் நினைவிருக்கிறதா? பெயரை வைத்தே சரிபார்க்கும் படிவங்கள் அந்தச் சில நாட்களில் தடுமாறியிருக்கும். எண்ணை வைத்துச் சரிபார்ப்பவற்றுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

ஆனால் எண் மட்டும் போதாது, தேதியும் வேண்டும் என்பதை என் மாணவன் கதை சொல்கிறது. "குளித்தலை எந்த மாவட்டம்?" என்று கேட்டால் ஒரே விடை கிடையாது. "எந்த வருடத்தில்?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். 1993 என்றால் திருச்சிராப்பள்ளி, 1996 என்றால் கரூர். ஒவ்வொரு வட்டத்துக்கும் "இந்த நாள் முதல் இந்த நாள் வரை இந்த மாவட்டம்" என்று எழுதி வைத்திருந்தால், பிறந்த தேதியைப் பார்த்துப் படிவமே சரியான பட்டியலைக் காட்டியிருக்கும். தங்கை மகனிடம் கேட்டேன். "செய்யலாம் பெரியம்மா, கஷ்டமில்ல. யாரும் கேக்கறதில்ல, அதான்" என்றான். அதற்கும் மேலே, கடைசி வரியாக "பட்டியலில் இல்லை, இங்கே எழுதவும்" என்று ஒரு கட்டம், அதைப் படிக்க ஓர் ஆள். அதுவும் இருந்தால் பிரவுசிங் சென்டர் பையன் முசிறி என்று போட்டிருக்கமாட்டான்.

சரிபார்ப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சர்வரில் ஒப்பிடாமல் விட்டால், பட்டியலில் இல்லாத சலுகையைத் தானே எழுதிக்கொள்கிறவன் உள்ளே வந்துவிடுவான். அப்படி ஒருவன் வந்தால் நேர்மையாக நிற்கும் ஒருவன் வெளியே போவான். ஆனால் பொய் சொல்பவனைத் தடுக்கக் கட்டிய வேலி, உண்மை சொல்பவனைப் பொய் சொல்லவைத்தால் அந்த வேலியைத் திருத்த வேண்டாமா?

என் மாணவன் விஷயத்தை முடித்துவிடுகிறேன். மூன்றாவது முறை நேரில் போகச் சொன்னேன். பிறப்புச் சான்றிதழ், கரூர் மாவட்டம் உருவான அரசிதழ் அறிவிப்பின் நகல், என் கையெழுத்தில் ஒரு பக்க விளக்கம் மூன்றையும் எடுத்துப் போனான். அங்கிருந்த பெண் அலுவலர் படித்துப் பார்த்து, "எங்க அம்மாவும் குளித்தலைதான் தம்பி" என்று சொல்லி, குறிப்பு எழுதி முடித்துக் கொடுத்துவிட்டார். பத்து நிமிட வேலை. சான்று வந்தது. போன வேலை வரவில்லை. இப்போது வேறு ஒரு நிறுவனத்தில், கொஞ்சம் குறைந்த சம்பளத்தில் சேர்ந்திருக்கிறான். அந்த அலுவலருக்குக் குளித்தலைக் கதை தெரிந்திருந்தது அவன் அதிர்ஷ்டம். அடுத்தவனுக்கு அது கிடைக்க வேண்டும் என்று என்ன உறுதி?

அடுத்த மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்கான அறிவிக்கை 2025 ஜூன் 16 அன்று வந்தது. கணக்கு நாள் 2027 மார்ச் 1. 1931-க்குப் பிறகு முதல் முறையாக எல்லாச் சாதிகளும் அதில் எண்ணப்படப் போகின்றன. காகிதத்துக்குப் பதிலாக மொபைல் செயலி. உங்களில் எத்தனையோ பேர் இன்று ஆசிரியர்கள். நீங்களும் வீடு வீடாகப் போவீர்கள். உங்களில் சிலர் மென்பொருள் எழுதுகிறவர்கள். ஏதோ ஓர் அலுவலகத்துக்கு, ஏதோ ஒரு படிவத்துக்கு இன்றைக்கும் ஒரு பட்டியல் தட்டிக்கொண்டிருப்பீர்கள்.

டீச்சரின் வேண்டுகோள் ஒன்றுதான். பட்டியலில் இல்லாத ஒரு விடையை யாராவது சொன்னால், உடனே "ஏதாவது ஒண்ணப் போடுங்க" என்று சொல்லாதீர்கள். அவர் என்ன சொன்னார் என்று ஓரத்தில் எழுதிவையுங்கள், மேலே உள்ளவர்களுக்குச் சொல்லுங்கள். நான் அந்த இரவில் 3 எழுதியது விதிப்படி சரி. அந்தப் பெரியவர் சொன்னதை ஓரத்தில் ஒரு வரி குறித்து மேற்பார்வையாளரிடம் கொடுத்திருக்கலாம். அதை நான் செய்யவில்லை.

1995-க்கு முன் குளித்தலை, கரூர், பெரம்பலூர், அரியலூர் பக்கம் பிறந்து, இதேபோல் சிக்கிக்கொண்டவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். எப்படித் தீர்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், மற்றவர்களுக்கு உதவும். சின்னம்மா, நீங்களும் குளித்தலையில் பிறந்தவர்தானே? உங்கள் சான்றிதழை ஒரு தரம் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
ஜீயபுரம்.